தெர்மாகோல் பல்லாங்குழி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிள்ளையின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் உத்தரவு: 'பாரம்பரிய விளையாட்டு ப்ராஜெக்ட், பல்லாங்குழி மாடல், நாளைக்கே.' எந்தக் கடை திறந்திருக்கும்? தெர்மாகோலைக் குடைந்து, பெயின்ட் அடித்து, புளியங்கொட்டையை ஃபெவிக்காலில் ஒட்டிக் கொடுக்கணுமாம். ஒட்டிவிட்டால் எப்படி ஐயா ஆடுவது?

14 குழி, குழிக்கு 5, ஆக 70 கொட்டை. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானால் அடுத்த குழியை அள்ளணும். அதுவும் வெறுங்குழியா? துடைத்துவிட்டு அதற்கடுத்ததை வழித்துக்கொள்ளணும். நடுவில் ஏதாவது குழியில் 4 சேர்ந்தால் 'பசு', குழிக்காரருக்குச் சொந்தம். எங்கே தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று பாட்டி பார்வையிலேயே கணக்குப் போட்டுவிடுவார். அந்தப் பாட்டி அடுத்த அறையில்தான் இருக்கிறார். அவரிடம் பிள்ளை பேசும் ஒரே வாக்கியம்: "சீரியல் சத்தத்தைக் குறைங்க, ஹோம்வொர்க் பண்றேன்."

பின்னத்துக்குப் புத்தகத்தில் பீட்சா படம்! அரிசி அளக்கும் பழைய அளவைப் பாருங்கள்: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. அரை, கால், அரைக்கால் எல்லாம் அரிசிப் பானையிலேயே கிடக்கிறதே? வாசல் கோலத்தில் 7 புள்ளி வைத்து, இருபுறமும் 4 வரை இடுக்குப்புள்ளியாக (இரண்டு புள்ளிக்கு இடையில் ஒன்றாக) வரிசைக்கு ஒன்று குறைத்தால் மொத்தம் 37. இதையே பத்தாம் வகுப்பில் கூட்டுத்தொடர் என்று சூத்திரமாக உருப்போட வைப்பார்கள், அதற்கு டியூஷன் ஃபீஸ் தனி.

மாடலுக்கு மார்க்? 10-க்கு 7. ஜிகினா ஒட்டவில்லையாம்.