சங்கிலி தன்னைத்தானே திருப்பிக்கொள்ளுமா?

போன ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில், "மீட்புன்னா என்ன?" என்று கேட்டேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் யோசிக்கவே இல்லை. "கெட்டவன் நல்லவனா மாறுறது சார். எல்லா கார்ட்டூன்லயும் கடைசில அப்படித்தான வரும்."

நிலாவையே திருடக் கிளம்பிய வில்லன் மூன்று பெண்பிள்ளைகளைத் தத்தெடுத்து, கடைசியில் நல்ல அப்பாவாகிவிடும் படத்தை ('டெஸ்பிகபிள் மீ', 2010) மனதில் வைத்துச் சொல்லியிருப்பான். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அது திருந்துவது. மீட்பு வேறு.

எங்கள் வீட்டில் இந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது ஆலயத்தில் இல்லை, அடகுக்கடையில். அம்மாவின் சங்கிலி வருஷக்கணக்கில் அங்கே கிடந்தது. வட்டி ஏறி ஏறி, இனி மூழ்கிப்போகும் என்ற நிலையில் தாய்மாமா வந்து அசலும் வட்டியுமாக எண்ணி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சங்கிலி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பெட்டகத்துக்குள் கிடந்தது, அவ்வளவுதான். "வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படாமல்" என்று வேதாகமத்தில் பேதுரு எழுதியதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் சட்டைப்பைதான் ஞாபகம் வரும்.

இந்த அர்த்தத்தில் மீட்பைக் காட்டும் குழந்தைகள் படம் ஏதாவது உண்டா? நான் பார்த்த வரையில் 'டாய் ஸ்டோரி 3' (2010), ஆன்டி என்ற பையனுடைய பொம்மைகளின் கதை. பிக்ஸார் நிறுவனத்தார் சுவிசேஷம் சொல்ல அதை எடுக்கவில்லை, தெரியும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் சிலுவையைத் தேடும் ஆள் இல்லை நான். பிரசங்கத்துக்கு ஒரு காட்சி கிடைத்தால் போதும் என்று படத்தையே பிழிந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். (கார்ட்டூன் எல்லாமே உலகக் காரியம் என்று டிவியை மூடிவைக்கும் அண்ணாச்சிமாரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.)

குப்பைக்கிடங்கின் எரியுலைக் காட்சி நினைவிருக்கும். பொம்மைகள் எல்லாம் நெருப்பை நோக்கிச் சரிகின்றன. எந்தச் சிக்கலிலும் ஏதாவது வழி கண்டுபிடிக்கும் கூட்டம் அது. இந்த ஒரு தடவை வழியே இல்லை. என்ன செய்வது என்று ஜெஸ்ஸி என்ற பொம்மை கேட்க, பஸ் என்ற விண்வெளி வீரன் பொம்மை பதில் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி எல்லாரும் அமைதியாகிறார்கள். அப்போது மேலேயிருந்து ஒரு வெளிச்சம். ராட்சத இரும்புக் கை ஒன்று இறங்கி வந்து அத்தனை பேரையும் வாரி எடுக்கிறது. அந்த இயந்திரத்தை ஓட்டுவது யார்? 1995-இல் வந்த முதல் படத்தில், மேலேயிருந்து வரும் கை தங்களைத் தெரிந்தெடுக்கும் என்று நம்பிக் கிடந்தார்களே, நாம் பார்த்துச் சிரித்த அந்த மூன்று கண் பச்சைப் பொம்மைகள். திரையில் அதைப் பார்த்து நான் அழுதேன். பக்கத்தில் என் மகள் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாள்.

அதற்குச் சற்று முன்னால்தான் லாட்ஸோ. இளஞ்சிவப்புக் கரடி. குப்பைக்கு அடியில் மாட்டிக்கொண்டவனை, தங்களைப் பாடாய்ப் படுத்தியவன் என்று தெரிந்தும், கௌபாய் பொம்மை வுடியும் பஸ்ஸும் தூக்கிவிடுகிறார்கள். பிறகு உலையை நிறுத்தும் பொத்தான் அவனுக்குத்தான் எட்டுகிறது. ஏறிப் போகிறான், நிற்கிறான், அழுத்தாமல் ஓடிவிடுகிறான்.

மத்தேயு சுவிசேஷம் 18-ஆம் அதிகாரம் அப்படியே இருக்கிறது இதில். பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன் வெளியே வந்ததும், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரன் தொண்டையை நெரிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி; ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். கணக்குப் போட்டால் ஆறு கோடி நாள் கூலி. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். லாட்ஸோ அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்ற நிமிஷத்தை மறக்க மாட்டார்கள்.

லாட்ஸோ ஏன் அப்படி ஆனான் என்பதையும் படம் சொல்கிறது. டெய்ஸி என்ற சிறுமி அவனை வழியில் மறந்துவிட்டுப் போகிறாள். பாடுபட்டுத் திரும்பி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவளிடம் அவனைப் போலவே புதுக் கரடி. அன்றிலிருந்து யாருக்கும் யாரும் சொந்தமில்லை என்பதுதான் அவன் வேதம். வுடியின் காலடியிலோ ஆன்டி எழுதிய பெயர் இருக்கிறது. "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்று ஏசாயா 43-இல் வருகிறதே, அதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தேன். லாட்ஸோவுக்குப் படத்தின் கடைசியில் கிடைத்த முடிவு சரிதான் என்று பையன்கள் ஒரே குரலில் சொன்னார்கள். பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் கை தூக்கினாள்.

"சார், கடைசில அந்தக் குப்பை லாரிக்காரர் அவனக் குப்பைல இருந்து எடுத்தாரே. சின்ன வயசுல என்கிட்டயும் இதே பொம்மை இருந்துச்சுன்னு மோந்து வேற பார்த்தாரே. அது மீட்பு இல்லையா?"

"லாரி முன்னால கட்டி வச்சிட்டாங்கல்ல!" என்று பையன்கள் சிரித்தார்கள். மணி அடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்று வியாழன்.