தொழிற்கட்சியை மிலிட்டன்ட் கைப்பற்றவில்லை

1980களில் மிலிட்டன்ட் என்ற சிறு டிராட்ஸ்கியக் குழு (ரஷ்யப் புரட்சியாளர் டிராட்ஸ்கியின் வழியைப் பின்பற்றிய இடதுசாரிகள்) பிரிட்டன் தொழிற்கட்சியையே (லேபர் கட்சி) கைப்பற்றியது என்றும், தீவிர இடதுசாரிகளைச் சேர்த்தால் நம் நாட்டுக் கட்சிகளிலும் அதுதான் நடக்கும் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது உண்மைக்கு மாறானது. 1983 தேர்தலில் வென்ற 209 தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களில் அக்குழுவினர் டேவ் நெலிஸ்ட், டெர்ரி ஃபீல்ட்ஸ் என இருவர் மட்டுமே. அக்குழுவின் பிடி இருந்தது கட்சியின் இளைஞர் அமைப்பிலும் லிவர்பூல் நகர மன்றத்திலும்தான். அம்மன்றத்தில்கூடத் தொழிற்கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் அக்குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

பெரம்பூரில் பல ஆண்டுகள் தொழிற்சங்கக் கிளைக் கூட்டங்களில் அமர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: 200 பேர் உள்ள கிளையில் 20 பேர் மட்டுமே வரும் மாலையில், தவறாமல் வந்து கடைசிவரை இருக்கும் ஏழெட்டுப் பேரின் தீர்மானமே நிறைவேறும். தொழிற்கட்சியிலும் ஏறத்தாழ இவ்வழியில்தான் மிலிட்டன்ட் குழுவினர் செல்வாக்குப் பெற்றார்கள். ஆனால் கிளையை வெல்வது வேறு, தலைமையை வெல்வது வேறு. 1983இல் அவர்களுடைய இதழின் ஆசிரியர் குழுவினர் ஐவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். 1985 போர்ன்மத் மாநாட்டில் தலைவர் நீல் கின்னக் லிவர்பூல் மன்றத்தின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். 1991இல் நெலிஸ்ட், ஃபீல்ட்ஸ் இருவரும் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். லிவர்பூல் மன்றம் ஏழைகளுக்காகக் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளை இந்த வரலாற்றிலிருந்து விட்டுவிடுவதும் நியாயமாகாது.