எம்டி200 சைக்கிள் பிரேக்ல டாட் 4 (மோட்டார் பைக் பிரேக் ஃப்ளூயிட்) ஊத்தாதீங்க

"லீவர் ஹேண்டில் வரைக்கும் அமுங்குதா? பைக் கடையில டாட் 4 வாங்கி ஊத்துங்க, எல்லாம் ஒரே ஆயில்தான்"னு ஒருத்தர் சொல்லியிருக்கார். தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஷிமானோ எம்டி200 மினரல் ஆயில்ல வேலை செய்யுற டிஸ்க் பிரேக். டாட் பட்டா உள்ளே இருக்கிற ரப்பர் சீல் ஊதிப்போகும். நண்பன் சைக்கிள்ல பார்த்தேன்: லீவரை விட்டும் திரும்பி வரல, பிரேக் பேட் ரோட்டரை (சக்கரத்தோட சுத்துற டிஸ்க்) விடாமப் பிடிச்சுக்கிட்டு சக்கரமே சுத்தல. கடைசியில லீவர், ஹோஸ், கேலிப்பர் (பேடை அழுத்துற பாகம்) மூணையும் மாத்தினான். டாட் கேக்கிறது ஸ்ராம் கம்பெனியோட பல மாடல்கள். அதுலயும் டிபி8 மினரல் ஆயில்தான். லீவர் பஞ்சு மாதிரி இருந்தா பெரும்பாலும் உள்ளே காத்து புகுந்திருக்கும். மினரல் ஆயில் வச்சு ஒழுங்கா பிளீட் பண்ணுங்க (உள்ளே இருக்கிற காத்தை வெளியேத்துங்க), லீவர் கெட்டியாயிடும். இன்னொண்ணு, ரோட்டர்ல 'ரெசின் பேட் ஒன்லி'ன்னு பொறிச்சிருந்தா மெட்டல் பேட் போடாதீங்க, ரோட்டர் சீக்கிரம் தேஞ்சிடும்.