குடலை நீட்டுவதற்கு முதல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது
சிறுகுடலில் பெரும்பகுதி இல்லாமல்போய், சத்தையும் தண்ணீரையும் போதியளவு உறிஞ்ச முடியாத குறுங்குடல் நிலை வந்தவர்களுக்குக் குடலை நீட்டும் சத்திரசிகிச்சை, இல்லாவிட்டால் குடல் மாற்று, வேறு வழியே இல்லை என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் பியாங்கி 1980இல் கொண்டுவந்த முறையும், 2003இல் பொஸ்டனில் வந்த ஸ்டெப் முறையும் குடலின் அகலத்தை வெட்டித் தைத்து நீளமாக்குபவை; அதனால் விரிந்து பெருத்த குடலுக்குத்தான் சரிவரும். குடல் விரியாமல் இருந்தால் வெட்டித் தைக்க அகலம் ஏது? அதற்கு முதல் பார்க்க வேண்டியது, வயிற்றில் வெளியே எடுத்து வைத்த சிறுகுடல் நுனியை மிஞ்சியிருக்கும் பெருங்குடலோடு திரும்ப இணைக்கலாமா என்பதை. பெருங்குடல் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும். செரிக்காத மாச்சத்தை அங்குள்ள பக்டீரியாக்கள் கொழுப்பமிலங்களாக மாற்ற, அதிலிருந்தும் உடம்புக்குச் சக்தி கிடைக்கும். களுவாஞ்சிகுடியில் இருக்கிற எங்கள் அத்தானுக்கு, குடலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டதால் சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வெளியே எடுத்த குடல் நுனியில் கழிவு சேரப் பை வைத்திருந்த காலத்தில் சாப்பிட்ட சோறு கொஞ்ச நேரத்தில் பருக்கை பருக்கையாகப் பைக்குள் வந்து கிடக்கும், அக்கா இரவிரவாக எழும்பி அதை வெறுமையாக்குவா. திரும்ப இணைத்த பிறகுதான் சேலைன் ஏற்றுவது நின்று ஆள் தேறினார். பி12 ஊசி மட்டும் இன்னும் போடுகிறார், அதை உறிஞ்சும் கடைசித் துண்டு போய்விட்டதால். மேலே கருத்து எழுதிய ஒருவர் தண்ணீரும் இளநீரும் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து பை உள்ளவர்களுக்கு அதைச் சொல்லாதீர்கள்: இரண்டிலும் சோடியம் போதாது, குடிக்கக் குடிக்க உடம்பிலுள்ள உப்பையும் இழுத்துக்கொண்டு பைக்குள்தான் போகும். ஜீவனி மாதிரி உப்பும் குளுக்கோசும் சேர்ந்த கரைசலை, வைத்தியர் சொல்லும் செறிவில் கரைத்து, நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுங்கள்.