ஃபாரோ தீவுகளின் அந்த ஏரி 140 மீட்டர் உயரத்தில் இல்லை

வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளைப் பற்றிய உங்கள் பதிவில், “சோர்வாக்ஸ்வாட்ன் ஏரி கடலுக்கு மேலே 140 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏரியின் படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் உண்மை அதுவல்ல. 142 மீட்டர் என்பது பக்கத்திலுள்ள டிரேலானிப்பா பாறை முகட்டின் உயரம். ஏரியின் நீர்மட்டம் கடலிலிருந்து சுமார் 30 மீட்டர்தான். முகட்டுப் பக்கம் ஏறி நின்று படமெடுக்கும்போது, முன்னால் தெரியும் செங்குத்துப் பாறை ஏரியையும் தன் உயரத்துக்குத் தூக்கிக் காட்டிவிடுகிறது. ஏரியின் தென்கோடிக்கு நடந்து போனால் விஷயம் தெளிவாகிவிடும். அங்கே ஏரித் தண்ணீர் கரும்பாறையில் வழிந்து, போஸ்தாலாஃபோசூர் அருவியாக நேரே கடலில் விழுகிறது. அருவியின் உயரமும் கிட்டத்தட்ட அதே 30 மீட்டர்தான்!

அப்புறம், அந்த ஊர் உலர்ந்த ஆட்டிறைச்சியான ஸ்கெர்ப்பிச்சோட்டைக் “கெட்டுப்போன கறி” என்று நீங்கள் சொன்னது நியாயமே இல்லை. பலகைகளுக்கு நடுவே காற்றுப் புக இடைவெளி விட்ட கொட்டகையில், ஆட்டுத் தொடையை உப்புப் போடாமல் மாதக்கணக்கில் தொங்கவிட்டுக் கடற்காற்றிலேயே உலர்த்துகிறார்கள். வாடை தூக்கலாகத்தான் இருக்கும். மெல்லிசாகச் சீவி, ரொட்டிமேல் வைத்துச் சாப்பிடுவார்கள். மரங்களே அரிதான தீவுகள் அவை. கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்க விறகுக்கு எங்கே போவார்கள்?