பதினாறு வயதோடு நின்றுபோகும் சமயக் கல்வி

கோயில் மடத்திலோ மரணவீட்டுப் பந்தலிலோ பெரியவர்கள் நாலு பேர் கூடினால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாமி பயம் இல்லை" என்ற பேச்சு தவறாமல் வந்துவிடுகிறது. மட்டக்களப்பில் பல ஆண்டுகளாகச் சைவநெறி கற்பித்துவரும் ஆசிரியை என்ற வகையில் இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் கரையில் நின்று பாருங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரின் வடத்தைப் பிடித்திருக்கும் கைகளைப் பாருங்கள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்கு விரதம் காத்துத் தீமிதிக்க வருவோரின் வயதைப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள் எத்தனை பேர் அங்கே நிற்கிறார்கள்! அவர்களிடம் பக்தி தாராளமாக இருக்கிறது. அந்தப் பக்தியோடு வயதுவந்தவர்களாக வாழ்வதற்கு வேண்டிய அறிவை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் என்னுடைய கவலை.

கதிர்காமப் பாதயாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் உகந்தை முருகன் ஆலய முன்றலில் கூடும் கூட்டத்தில் இளைஞர்களும் யுவதிகளும் நிறைந்திருப்பார்கள். அரிசி, பருப்பு, தேயிலை, சீனி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, வாகூரவெட்டை, நாவலடி, வியாழை என்று தங்கித் தங்கி, யானையும் கரடியும் உலாவும் காட்டுக்குள்ளால் நாட்கணக்கில் நடக்கிறார்கள். அந்தப் பாதையில் பட்டதாரியும் சாமி, கூலிவேலை செய்பவரும் சாமி. என்னிடம் படித்த பிள்ளை ஒருவர், உயர்தரப் பரீட்சை சரிவராமல் தவணைக் காசு வசூலிக்கும் வேலைக்குப் போனவர், யாத்திரை முடிந்து வந்து சொன்னதை நான் மறக்கவில்லை: "அங்க ஆரும் என்ன படிச்ச, என்ன வேல செய்யிற எண்டு கேக்கல்ல டீச்சர். எல்லாரும் சாமி எண்டுதான் கூப்பிட்டாங்க." ஆண்டு முழுவதும் கடன்காரர் வீட்டு வாசலில் ஏச்சு வாங்கும் ஒரு பிள்ளைக்கு அந்தச் சொல் என்ன ஆறுதலைக் கொடுத்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

அதே பிள்ளை இன்னொன்றையும் கேட்டார். கதிர்காமத்திலும் எங்கள் மண்டூர் முருகன் கோயிலிலும் பூசை ஏன் திரைக்குப் பின்னால் நடக்கிறது, பூசை செய்யும் கப்புகனார் ஏன் வாயைக் கட்டிக்கொள்கிறார் என்று வழிநெடுகப் பெரியவர்களிடம் விசாரித்திருக்கிறார். "அது அப்படித்தான்" என்பதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம். ஆகம முறைக்கு வெளியே, மந்திரமின்றி மௌனத்தில் நடக்கும் இந்த வழிபாட்டு மரபு ஈழத்துச் சைவத்தின் மிக ஆழமான கூறுகளில் ஒன்று. அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் காட்டுக்குள் அத்தனை தூரம் நடந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை.

இதற்குக் காரணம் வெளிப்படையானது. இந்த நாட்டில் சமயம் க.பொ.த. சாதாரண தரம்வரை கட்டாய பாடம். பதினாறு வயதில் பரீட்சை எழுதி, "ஏ" சித்தியும் வாங்கியதோடு அது முடிந்துவிடுகிறது. உயர்தரத்தில் கலைப்பிரிவில் இந்து நாகரிகம் எடுப்பவர்களைத் தவிர, ஏனையோர் அதன்பின் சமயத்தை ஒரு படிப்பாகத் தொடுவதே இல்லை. அறநெறி வகுப்புகளும் சிறுபிள்ளைகளுக்கானவையே. அங்கும் ஞாயிற்றுக்கிழமைத் தனியார் வகுப்புகள் பிள்ளைகளை இழுத்துக்கொள்கின்றன. காதல், வேலையின்மை, வெளிநாட்டுப் பயணம், தாய் தந்தையின் நோய், நண்பனின் தற்கொலை எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இருபத்தைந்து வயதில் நெஞ்சை அடைக்கும் கேள்விக்கு, பதினொராம் ஆண்டில் மனப்பாடம் செய்த விடைதான் கையிருப்பாக இருக்கிறது.

அப்பர் வரலாற்றை நாங்கள் கற்பிக்கும் விதமே இதற்குச் சான்று. மருள்நீக்கியார் என்ற இயற்பெயர் கொண்ட அவர் இளவயதில் தாய் தந்தையரை இழந்தார். தமக்கை திலகவதியாருக்கு மணம்பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். இத்தனை சாவுகளையும் கண்ட அந்த இளைஞர், உலகில் எதுவும் நிலையில்லை என்று கண்டு, சமண சமயத்தைத் தேடிப்போய், அங்கே தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையும் பெற்றார். சூலைநோய் வந்து திருவதிகைக்குத் திரும்பியதைப் பரீட்சைக்கு எழுதவைக்கிறோம். அவர் ஏன் போனார் என்பதை ஒரு பாடவேளைகூட நின்று பேசுவதில்லை. திலகவதியார் தம்பியைத் துரோகி என்று ஏசவில்லை. திருவதிகையிலே இறைவனுக்குத் தொண்டு செய்தபடி அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துப்போனார். வீட்டைவிட்டுக் கிறிஸ்தவச் சபைக்குப் போகும் பிள்ளையிடம் இன்று நம்மில் எத்தனை பேர் திலகவதியாராக நடந்துகொள்கிறோம்?

சபை என்றதும் நம்மவர்கள் கொதிக்கிறார்கள். மதமாற்றத்தைக் கண்டித்துப் பதாதை எழுதுகிறார்கள். அப்படிப் போன பிள்ளைகள் சிலரிடம் நான் பொறுமையாகப் பேசியிருக்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபைக்காரர் வந்து பக்கத்தில் இருந்தார்கள், பெயர் சொல்லி விசாரித்தார்கள், சொன்னதைக் கேட்டார்கள் என்பதையே அவர்கள் முதலில் சொல்கிறார்கள். கொள்கை விளக்கம் பிறகுதான் வருகிறது. முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகையில் தமிழில் குத்பா என்ற மார்க்க உரை நடக்கிறது. கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறுதோறும் மறையுரை உண்டு. எங்களுக்கோ திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியில் நடக்கும் சொற்பொழிவைத் தவிர, வயதுவந்தவர்களுக்கென்று வாராந்தம் பேச்சு எதுவும் இல்லை. அந்தச் சொற்பொழிவும் ஒருவழிப் பேச்சுத்தான்.

எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவான கேள்விகளும் இங்கே உண்டு. இப்போது இருபது, இருபத்திரண்டு வயதில் இருப்பவர்கள் 2004 சுனாமியை ஒட்டிப் பிறந்தவர்கள். கல்லடியில் கடலலையில் சரிந்துபோன திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மறைக்கல்வி முடித்து நின்ற சிறுவர்கள் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டபோது, இவர்களும் பள்ளிச் சிறுவர்களே. அந்த வாரங்களில் இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் கடவுள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்கள். காத்தான்குடிப் பிள்ளைகளோ தங்கள் மார்க்கத்தின் பெயரால் இப்படி ஒன்று நடந்ததை எண்ணித் தலைகுனிந்து திரிந்தார்கள். பெரியவர்களாகிய நாங்கள் அஞ்சலி செலுத்தினோம், அமைதி காக்கச் சொன்னோம். கேள்வி அப்படியே கிடக்கிறது.

கேட்பதே குற்றம் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஒரு வைகாசிச் சடங்குக் காலத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் என்னிடம், "கண்ணகையம்மனும் ஒரு பொம்பிளதானே டீச்சர், தீட்டெண்டு சொல்லி எங்கள ஏன் வாசலுக்கும் வரவேணாம் எண்டிறாங்க?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற மூதாட்டி, "மனே, இதெல்லாம் கேக்கப்படாது. அம்மாள்ட கோவம் பொல்லாது" என்று தடுத்துவிட்டார். அந்த மூதாட்டியின் அச்சம் உண்மையானது. அதை நான் இகழமாட்டேன். ஆனால் அன்றிரவு அதே வாசலில் பாடப்பட்டது, கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை. அரசனின் சபைக்குத் தனியாகப் போய், நீ செய்தது நீதியா என்று கேட்ட பெண்ணைத்தான் நாங்கள் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறோம். அவள் சந்நிதியில் ஒரு பெண் கேள்வி கேட்பது எப்படித் தெய்வ நிந்தையாகும்? தீட்டுப் பற்றி எனக்கும் தெளிவான கருத்து உண்டு, அந்தக் கட்டுப்பாடு நீங்க வேண்டும் என்பதே அது. அதை ஏற்காதவர்களும் அந்த மாணவிக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கேள்வியினால் சைவம் கெட்டுப்போகாது என்பதற்குக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரைவிட யாரை நான் காட்டுவது? மயில்வாகனனார் என்ற இயற்பெயரோடு கிறிஸ்தவப் பாடசாலைகளில் படித்து, விஞ்ஞானம் கற்பித்த அவர், முப்பது வயதைக் கடந்து 1924இல் துறவு பூண்டார். இராமகிருஷ்ண மிஷனுக்கு அவர் போனது, அறிவும் பக்தியும் தொண்டும் ஒரே இடத்தில் கிடைத்தபடியால்தான் என்று நான் நம்புகிறேன்.

இளைஞர்களுக்கு நாம் கொடுக்கும் வேலைகளையும் பார்க்க வேண்டும். தோரணம் கட்டுவது, தண்ணீர்ப்பந்தல் போடுவது, அன்னதானத்துக்குக் கிடாரம் தூக்குவது அவர்கள் பங்கு. வண்ணக்கர் என்ற கோயில் அறங்காவலர் பதவியும் கணக்கும் தீர்மானமும், குடி எனப்படும் வம்சவழி வந்த முதியவர்கள் பங்கு. குடிமுறை எங்கள் மண்ணுக்குரிய பழைய ஒழுங்கு, அதை உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் வழக்குரை பாடத் தெரிந்தவர்கள் வயதாகிப் போகிறார்கள். கடந்த சடங்கில் ஓர் இளைஞர் கட்டாடியார் என்ற அம்மன் கோயில் பூசகர் பக்கத்தில் அமர்ந்து, கையெழுத்துக் கொப்பியில் விரலை ஓட்டிப் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். சொல் தடுமாறும்போது முதியவர் உடுக்கை நிறுத்தாமலே அடியை எடுத்துக்கொடுத்தார். இடைவேளையில் அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டார். முதியவரும் சலிக்காமல் சொன்னார். அந்த இளைஞர் இனி எந்த ஊருக்குப் போனாலும் அம்மன் வாசலைக் காரணம் தெரிந்துதான் மிதிப்பார்.

எங்கள் ஊர்க் கோயிலின் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுக்க இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் அரைமணி நேரம் மண்டபத்தைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விட்டுத்தர வேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம், மாலை மரியாதையும் வேண்டாம். குருக்களோ, கப்புகனாரோ, படித்த ஒருவரோ வந்து பாயில் உட்கார்ந்து, கேட்பதற்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். தெரியாததை அடுத்த வெள்ளிக்குப் பார்த்துவந்து சொல்லட்டும். வண்ணக்கர்மாரும் ஒருவராவது வந்திருந்து, கோயில் வரவு செலவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறேன்.