ஜன்னல் வழியாப் பார்த்து எழுதினாராம்!

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் இலக்கியக் கூட்டத்துக்கு நிறைய பேர் வந்திருந்தீர்கள், வராதவர்களுக்காக ஒரு வரி. நீலகிரிப் படகர் இன மக்களின் வாழ்க்கையைக் 'குறிஞ்சித்தேன்' நாவலாக எழுதிய ராஜம் கிருஷ்ணனை "இன்ஜினியர் பொண்டாட்டி, குவார்ட்டர்ஸ் ஜன்னல்ல உக்காந்து எழுதினவங்க" என்றார் ஒருவர். அதற்கு ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது.

1925இல் முசிறியில் பிறந்து, பதினைந்து வயதில் கல்யாணமாகி, கல்லூரி வாசலே மிதிக்காதவர். கணவர் மின்துறைப் பொறியாளர். அவருக்கு இந்த மலையில் வேலை அமையாவிட்டால் 'குறிஞ்சித்தேன்' இல்லை, சரி. வேலைக்காக வந்த மற்ற குடும்பங்கள் எத்தனை நாவல் எழுதின?

ஜன்னலில் பார்த்தால் தேயிலைப் பச்சை தெரியும், அதன் கணக்கு தெரியாது. சாமை விதைத்தால் அந்த வருஷமே சோறு. தேயிலைக் கன்று நட்டால் ஒழுங்காகக் கொழுந்து கிள்ள மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை உலையில் என்ன போடுவது? ரொக்கம் உள்ளவன் தாங்குவான், இல்லாதவன் கடன்படுவான். ஒரே ஹட்டியில், அதாவது படகர் ஊரில், ஒருவன் ஏறுவதும் ஒருவன் சரிவதும் இந்த இடைவெளியில்தான். நாவலில் லிங்கையா மண்ணோடு கிடக்க, ரங்கன் உதகைக்குப் பணம் தேடி ஓடுவதை இதை வைத்துப் படியுங்கள். இதெல்லாம் ஜன்னலில் தெரியுமா?

"அவர் படகர் இல்லையே." உண்மை. படகர் ஒருவர் பக்கத்தைக் காட்டி 'இது தப்பு' என்றால் உட்கார்ந்து கேட்கலாம். அன்று பேசியவர் எந்தப் பக்கத்தைக் காட்டினார்?

"ஆய்வறிக்கை மாதிரி இருக்கு." சில இடங்களில் இருக்கிறது, போகட்டும். ஆனால் ஜன்னலில் பார்த்து எழுதினார், தகவல் ரொம்ப அதிகம் என்று ஒரே மூச்சில் இரண்டும் சொன்னால் எப்படி? ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். 'கரிப்பு மணிகள்' எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனாரே, அங்கே எந்த குவார்ட்டர்ஸ் ஜன்னல்? இதையே ஓர் ஆண் செய்தால் களப்பணி, மேடை, சால்வை. பெண் செய்தால் பொழுதுபோக்கு.

'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973இல் சாகித்ய அகாதெமி வாங்கியவர். பிள்ளைகள் இல்லை. கணவர் போனபின் கடைசிக் காலம் முதியோர் இல்லத்தில். 2014இல் போய்ச் சேர்ந்தார். அப்போதும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, இப்போது கிண்டலுக்கு மட்டும் ஞாபகம் வருகிறார்.

புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது. 2009இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டது, இணையத்தில் இலவசம். அடுத்த கூட்டத்துக்குள் ஐம்பது பக்கமாவது படித்துவிட்டு வாருங்கள் சார், அப்புறம் சிரிக்கலாம்.